நாலு மணிக்கு இருட்டும் ஊரில்: பிராக்கில் ஐந்து டிசம்பர் நாட்கள்

முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே நல்ல இருட்டாக இருந்தது. பயணக் களைப்பில் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டித் தூங்கிவிட்டோம் போலிருக்கிறது என்று பதறிக் கணவரை எழுப்பினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கைபேசியைப் பார்த்து, மணி நாலரைதான் ஆகிறது என்றார். செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்த நாலரை மணியிலிருந்துதான் தொடங்கியது.

எங்கள் மகள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்காவது சந்திக்கலாம் என்று பேச்சு வந்தபோது, எல்பே ஆற்றங்கரையை ஒட்டி ஓடும் ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் அவள்தான் பிராக்கைச் சொன்னாள். "அப்பா முட்டி வலியோட அந்தக் குளிர்ல நடப்பாராம்மா?" என்று கவலைப்பட்டவளும் அவளே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். ஆண்டு இறுதியில் கூட்டம் நெரியும் என்று கேள்விப்பட்டுச் செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டோம். குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். வழுக்கும் தெருக்களைப் பார்த்த பிறகு அந்தப் பணத்தைப் பற்றி என் கணவர் முணுமுணுக்கவில்லை.

டிசம்பர் 20 முதல் 25 வரை நாங்கள் அங்கே இருந்த நாட்களில் காலை எட்டு மணி வாக்கில் விடிந்தது, மாலை நாலு மணிக்குச் சூரியன் மறைந்தது. மேகம் மூடிய நாட்களில் மூன்று மணிக்கே விளக்கைப் போடத் தோன்றும். நாங்களோ கோடையில் போனவர்களின் குறிப்புகளைப் பார்த்து நாளுக்கு ஏழெட்டு இடங்கள் என்று திட்டம் எழுதிக் கொண்டுபோயிருந்தோம். அன்று இரவே அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, எதை வெளிச்சத்தில் பார்ப்பது, எதை இருட்டில் பார்ப்பது, எங்கே உட்கார்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வது என்ற மூன்றே கேள்விகளை வைத்து மகள் புதிதாக ஒன்று எழுதினாள். கடைசிவரை கைகொடுத்தது அந்தத் திட்டம்தான்.

இந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் பகலின் நீளத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டு வாழ்ந்தார்கள் என்பதற்கு அன்று இரவே ஒரு சான்று கிடைத்தது. பழைய நகரச் சதுக்கத்தில், நகர மன்றக் கட்டடத்தின் சுவரில் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரம் இருக்கிறது. காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு பொம்மை மணிக்கயிற்றை இழுக்க, மேலே இரண்டு சிறு ஜன்னல்களில் பன்னிரண்டு திருத்தூதர்களும் வரிசையாக வந்துபோவார்கள். கூட்டம் அதைத்தான் பார்க்கிறது. ஜேப்படிக்காரர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று எங்களை முன்பே எச்சரித்திருந்ததால், பொம்மை ஊர்வலம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நிதானமாக முகப்பின் அருகே போய் நின்றோம்.

அந்த முகப்பு ஒரே நேரத்தில் பல வகைக் காலங்களைக் காட்டுகிறது. வெளி வளையத்தில் இருக்கும் தங்க நிற எண்கள் பழைய செக் முறைப்படி சூரியன் மறைந்ததிலிருந்து மணியை எண்ணுகின்றன. மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வளையமே ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாக நகர்கிறது. உள்ளே வளைந்து செல்லும் பொன் கோடுகள், விடிந்ததிலிருந்து அடையும் வரையுள்ள பகலைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கின்றன. அதாவது அந்தக் கணக்கில் ஜூன் மாதத்து ஒரு மணி ஏறத்தாழ எண்பது நிமிடம், டிசம்பர் மாதத்து ஒரு மணி வெறும் நாற்பது நிமிடம். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பெரியவர்களுக்கு இந்தக் கடிகாரம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் நம் நாழிகை கோடையானாலும் மார்கழியானாலும் அதே 24 நிமிடம். இங்கே மணியே சுருங்கிவிடுகிறது. நாற்பது நிமிட மணி என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு எத்தனை இடம் என்ற பேராசை தானாக அடங்கிவிடும்.

தாமதமாக விடிவதில் ஒரு லாபமும் உண்டு. கோடையில் சார்லஸ் பாலத்தை ஆளில்லாமல் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை ஐந்து மணிக்குப் போக வேண்டும் என்பார்கள். நாங்கள் காலை ஏழரைக்குக் காப்பி குடித்துவிட்டுச் சாவதானமாகப் போனோம், எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். வெள்ளத்தில் இடிந்த பழைய பாலத்துக்குப் பதிலாக நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் அடிக்கல் நாட்டிய, 516 மீட்டர் நீளமுள்ள மணற்கல் பாலம் அது. இரண்டு பக்கமும் முப்பது சிலைகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே பழைய நகரத்தின் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழும்போது முதல் வெளிச்சம் மேற்குக் கரையில் குன்றின் மேலிருக்கும் கோட்டையில் விழும். எனவே காலையில் பாலத்தின் மேல் நின்று மேற்கு நோக்கிப் பார்ப்பதே நல்லது. சாந்து கெட்டிப்பட முட்டை சேர்த்துக் கட்டினார்கள் என்று இந்தப் பாலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பில் செட்டிநாட்டுச் சுவர்கள் பளபளப்பதைப் பார்த்து வளர்ந்த என் கணவருக்கு அது கதையாகவே படவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், அந்தி நேரத்தில், பழங்கால உடை அணிந்த ஒருவர் நீண்ட கழியோடு வந்து பாலத்தின் எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகிறார். ஆகவே ஒரே பாலத்துக்கு இரண்டு முறை போவதை வீண் என்று நினைக்க வேண்டாம்.

உடை விஷயத்தில் நான் செய்த தவறுகளை விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையில் கிடைத்ததிலேயே தடிமனான ஜெர்க்கின் ஒன்றை வாங்கி, உள்ளே வழக்கமான பருத்தி உள்ளாடையும் சுடிதாரும் போதும் என்று நினைத்தேன். மேட்டில் ஏறும்போது வியர்த்தது, பருத்தி அந்த ஈரத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது, மேலே போய்க் காற்றில் நின்றவுடன் முதுகில் ஈரத்துணி போர்த்தியது போல் நடுங்கினேன். உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை ஒன்று, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜெர்க்கின் ஒன்று என்று மூன்று அடுக்காகப் போடுவதுதான் முறை என்று மறுநாள் மகள் கடைக்கு அழைத்துப்போய் வாங்கிக் கொடுத்தாள். அடுக்குகளாக இருப்பதன் அருமை டிராமில் ஏறும்போது தெரியும். வெளியே சுழியம் டிகிரி என்றால் உள்ளே ஹீட்டர் நம் ஊர் மாசி மாதத்தைப் போல் காய்கிறது, கழற்ற முடியாத ஒரே தடித்த உடைக்குள் மாட்டிக்கொண்டால் தலை சுற்றும்.

அதைவிட முக்கியம் கால். இந்த ஊரின் நடைபாதைகள் சிறு சிறு கற்களைக் கோலம் போல் பதித்தவை, தெருக்கள் உருண்டைக் கருங்கல் பாவியவை. தூறல் விழுந்து உறைந்தால் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டைப் போல் வழுக்கும். நான் பகட்டாக வாங்கிப்போன பூட்ஸின் அடிப்பாகம் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்ததால் இரண்டு முறை சறுக்கினேன். முட்டி வலிக்காரரான என் கணவரோ பள்ளம் பள்ளமாக வெட்டிய ரப்பர் அடிப்பாகமுள்ள தம் பழைய நடைக் காலணியில் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. குளிருக்குப் பயந்து இறுக்கமான காலணிக்குள் இரண்டு சோடி காலுறையைத் திணிப்பதும் தவறு, ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் விறைக்கின்றன. அரை அளவு பெரிய காலணியும் ஒரு சோடி கம்பளிக் காலுறையும் போதும். கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் மின்கலம் கண்ணெதிரே கரைகிறது. வரைபடமும் பயணச்சீட்டும் அதில்தானே இருக்கின்றன.

கோட்டைக்கு 22ஆம் எண் டிராமில் ஏறிப் போகொர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் மேட்டில் ஏறவே வேண்டாம், சரிவில் மெல்ல இறங்கிக் கோட்டை வாசலை அடையலாம். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் கட்டடங்களை மாலை நாலு மணிக்கே மூடிவிடுகிறார்கள், தோட்டங்கள் அந்தப் பருவம் முழுவதும் பூட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வழிபாடு நடப்பதால் புனித வீட்டஸ் பேராலயத்துக்குள் பார்வையாளர்கள் நண்பகலுக்குப் பிறகே போக முடியும். 1344இல் தொடங்கிய அந்தப் பேராலயம் 1929இல்தான் நிறைவு பெற்றது. போர்களும் பணமுடையும் சேர்ந்து கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டுகளை விழுங்கிவிட்டன. ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல், மேகமூட்டமான அந்தக் காலையிலும் உள்ளிருந்து விளக்கேற்றியது போல் எரிந்தது. ஆனால் உள்ளே ஹீட்டர் கிடையாது. கல் கட்டடம் வெளியே இருப்பதைவிடக் குளிராக இருக்கும் என்பதால் குல்லாவைத் தவிர வேறெதையும் கழற்ற வேண்டாம். தங்கச் சந்து எனப்படும் குட்டி வீடுகளின் வரிசையில் 22ஆம் எண் வீடு ஃப்ரான்ஸ் காஃப்காவின் தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்தது, 1916–17 குளிர்காலத்தில் காஃப்கா அங்கே வந்து எழுதினார். நம் வீட்டுப் பூஜையறை அளவுதான் இருக்கும். குளிருக்கு அடக்கமாக எழுத அதைவிடப் பெரிய இடம் தேவையில்லை போலும்.

இருட்டிய பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஊரே விடை வைத்திருக்கிறது. வென்செஸ்லாஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களை ஊடறுத்துச் செல்லும் கூரை போட்ட வணிகப் பாதைகள் மழைக்கும் குளிருக்கும் நல்ல ஒதுக்கிடம். அவற்றுள் லூசெர்னா என்பதில், புனித வென்செஸ்லாஸ் தலைகீழாகத் தொங்கும் செத்த குதிரையின் வயிற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் டேவிட் செர்னியின் சிற்பத்தைப் பார்த்து என் கணவர் வெகுநேரம் சிரித்தார். தேசிய நாடக அரங்குக்கு எதிரே 1884ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ஸ்லாவியா காப்பிக்கடையில் ஒரு கோப்பையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் விரட்டுவதில்லை. இசை கேட்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெருமுனைகளில் தேவாலயக் கச்சேரிகளுக்குச் சீட்டு விற்பார்கள், அந்தத் தேவாலயங்களில் பல குளிரில் உறையும். நாங்கள் முதல் பாதியிலேயே கால் மரத்து வெளியே வந்துவிட்டோம். மறுநாள் 1912இல் திறக்கப்பட்ட நகராட்சி மாளிகையின் ஸ்மெட்டனா மண்டபத்தில் மேலங்கியைக் காப்பறையில் கொடுத்துவிட்டுக் கதகதப்பாகக் கேட்டதற்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் வலிக்கவில்லை.

பணம் என்றதும் எங்கள் முதல் நாள் அசட்டுத்தனம் நினைவுக்கு வருகிறது. செக் நாட்டில் யூரோ செல்லாது, கொருனாதான். கமிஷன் இல்லை என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு நாணய மாற்றுக் கடையில் இருநூறு யூரோவை மாற்றிவிட்டு வெளியே வந்து கணக்குப் பார்த்தால், சந்தை மதிப்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் கொடுத்திருந்தார்கள். மகள் வந்ததும் ரசீதைக் கேட்டாள். 2019லிருந்து இருக்கும் சட்டப்படி, 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ரசீதை நீட்டியதும் கடைக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் எங்கள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். எனவே ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். தானியங்கி இயந்திரத்தில் எடுக்கும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். காகிதப் பயணச்சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, டிராமிலோ மெட்ரோ வாசலிலோ உள்ள பெட்டியில் நுழைத்து நேர முத்திரை பெற வேண்டும். முத்திரையில்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம்.

யூதர் குடியிருப்புக்கு நாங்கள் சனிக்கிழமை போனோம். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வு நாள், எல்லாம் மூடியிருக்கும் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அருமையான காலை வெளிச்சம் வீணாகிவிட்டது என்று நொந்துகொண்டு, அங்குள்ள யூத நகர மன்றத்தின் மேல் எபிரேய எழுத்துகளோடு இடமாகச் சுற்றும் கடிகாரத்தை மட்டும் பார்த்துத் திரும்பினோம். மறுநாள் ஒன்பது மணிக்குத் திறந்ததும் உள்ளே நுழைந்தோம். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்கள் முழுவதும், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். ஊர் வாரியாக, குடும்பம் குடும்பமாக, பிறந்த நாளோடு எழுதியிருப்பதால் ஒரே பெயரின் கீழ் தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரு வீட்டையே படித்துவிடலாம். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு என்பதன் பொருள் எனக்கு அங்கேதான் புரிந்தது. யாரும் பின்னாலிருந்து தள்ளாமல் ஒரு சுவரின் முன் எவ்வளவு நேரமும் நிற்க முடிந்தது. வெளியே, இடமில்லாமல் ஒருவர் மேல் ஒருவராகப் புதைத்ததால் 12,000 கற்கள் சாய்ந்தும் முட்டிக்கொண்டும் நிற்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் லேசாகப் பனி தூவியிருந்தது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆற்றங்கரையில் யான் பாலாக் சதுக்கம் இருக்கிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாடு மெல்ல அடங்கிப்போவதைப் பொறுக்காமல், 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்த இருபது வயது மாணவர் அவர். அவர் விழுந்த இடத்தில், தேசிய அருங்காட்சியகத்தின் முன், தரையோடு தரையாக ஒரு வெண்கலச் சிலுவை பதித்திருக்கிறார்கள். இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமியின் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தச் சிலுவையின் முன் மகளுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. சதுக்கத்தில் நிற்பது பாலாக் படித்த கலைப்புலம், 1348இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் தமிழ் இலக்கிய வரலாற்றை மேலை உலகுக்கு எடுத்துச்சொன்ன கமில் சுவலபில். அதே 1968க்குப் பின் நாட்டை விட்டு வெளியேறிப் பின்னாளில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின் யாரோஸ்லாவ் வாட்செக் இங்கே தமிழ் கற்பித்தார். இதெல்லாம் எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் வராது, நாங்களும் குளிருக்கு நடுங்கிக்கொண்டு ஐந்து நிமிடந்தான் நின்றோம்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'பெஸ் மசா', அதாவது இறைச்சியில்லாமல் என்று கேட்டாலும், பன்றித் தொடைத் துண்டுகளை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் போட்டுக் கொண்டுவருவது உண்டு, பூண்டு சூப்பில் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும், உருளைக்கிழங்கு அடை நம் நாக்குக்குப் பிடிக்கும், ஆனால் அதில் முட்டை உண்டு. புகைக்கூண்டு வடிவில் சுட்டுத் தரும் ட்ர்தெல்னீக் என்ற இனிப்பைப் பழைய பொஹீமியப் பலகாரம் என்று தெருவுக்குத் தெரு எழுதி விற்கிறார்கள். அது இந்த ஊரின் பழைய பலகாரம் அல்ல, சுற்றுலாவோடு பரவியது. ஆனாலும் குளிரில் சூடாகக் கையில் பிடித்துக்கொள்ள நன்றாகவே இருக்கிறது.

டிசம்பர் 24ஐப் பற்றித் தெரியாமல் போகிறவர்கள் திண்டாடுவார்கள். அவர்களுக்குப் பண்டிகை அன்று மாலைதான். பெரிய கடைகள் சட்டப்படி நண்பகல் பன்னிரண்டுக்கு மூடி 25, 26 இரண்டு நாட்களும் திறப்பதில்லை. இரவு டிராம்களும் குறைந்துவிடும், உணவகங்கள் பலவும் அடைத்திருக்கும். சமையலறையுள்ள குடியிருப்பை வாடகைக்கு எடுத்திருந்ததால் 23ஆம் தேதியே தயிர், பால், ரொட்டி, காய்கறி எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். அரிசியும் ஊறுகாயும் சென்னையிலிருந்தே வந்திருந்தன.

கடைக்குப் போகும் வழியில்தான் அந்த நாட்களுக்கே உரிய காட்சியைக் கண்டோம். தெருமுனையில் பெரிய நீலத் தொட்டிகளில் உயிருள்ள கெண்டை மீன்கள். பண்டிகை இரவுச் சாப்பாட்டுக்கு அந்த மீன்தான் எல்லா வீட்டிலும் உண்டு என்பதால் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் அங்கேயே வெட்டித் தரச் சொன்னார்கள், சிலர் நீரோடு பையில் உயிருடன் வாங்கிப்போனார்கள். இரண்டு நாள் குளியல் தொட்டியில் விட்டு வைப்பது பழைய வழக்கமாம், குழந்தைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டால் வெட்ட மனம் வராமல் ஆற்றில் விடுவதும் உண்டாம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் மீன்காரர் ஈரக் கையால் ஒரு செதிலை நீட்டினார். பணப்பையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் காசு குறையாது என்று மகள் மொழிபெயர்த்தாள். முட்டை அடையைக்கூட இரண்டு முறை விசாரித்துவிட்டு ஒதுக்கிய என் கணவர், அதைக் கைக்குட்டையால் துடைத்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார்.

25ஆம் தேதி காலை விடுமுறை நாள் அட்டவணைப்படி டிராம்கள் அரிதாகவே வந்தன. விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே கிளம்பியதால் தப்பித்தோம். மகளை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு விமான நிலையப் பேருந்தில் ஏறியபோது மணி ஏழு, இன்னும் விடியவில்லை.